புளிப்பும் அடுப்பும்: தாம்பரம் பக்கத்து ரொட்டியின் கதை

தமிழில் ரொட்டிக்குப் பெயர்கள் பல உண்டு. அவற்றில் ஒன்றுகூட நம்முடையதல்ல. 'ரொட்டி' வடக்கிலிருந்து வந்தது. 'பிரெட்' ஆங்கிலம். ஈழத்தமிழர் வழங்கும் 'பாண்' போர்த்துக்கீசியரின் சொல். மும்பைக்காரரின் 'பாவ்' அதன் உடன்பிறப்பு. பாணைச் சுடும் அடுப்புக்கு யாழ்ப்பாணத்தில் வழங்கும் 'போறணை' என்ற அழகான சொல்லும் அதே கப்பலில் வந்து இறங்கியதுதான். 'அடுமனை', 'வெதுப்பகம்' ஆகியவை பின்னாளில் நாம் ஆக்கிக்கொண்டவை. கடைப்பலகையில் அவை நன்றாகவே இருக்கின்றன. ஆனால் கடைக்குள் நுழைந்ததும் பிரெட் என்றுதான் கேட்கிறோம்.

சொந்தச் சொல் இல்லை என்பதால் ரொட்டி நமக்கு நேற்று வந்த பண்டம் என்று முடிவு கட்டிவிடுவது எளிது. பெருந்தொற்றுக் காலத்தில் சென்னையின் தென்புறநகர் அடுக்ககங்களில் வீட்டுக்கு வீடு மாவு பிசையத் தொடங்கியபோது, அதை ஏதோ இணையத்தில் முளைத்த புதுமோகம் என்றே பலரும் எண்ணினார்கள். கிண்டிக்குத் தெற்கே பறங்கிமலை, பல்லாவரம், தாம்பரம் என்று ரயில் பாதையோடு நீளும் இந்த நிலப்பகுதியில் ரொட்டியின் கதை சில நூற்றாண்டுகள் பழமையானது. அது தொடர்ச்சியாக வந்த கதையல்ல, பலமுறை அறுந்து அறுந்து முடிச்சுப் போட்ட கயிறு. அது எங்கெங்கே அறுந்தது, ஏன் அறுந்தது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

*

பறங்கிமலை என்ற பெயரிலேயே பறங்கியர் இருக்கிறார்கள். மலையுச்சியில் உள்ள மாதா கோயில் போர்த்துக்கீசியரால் 1523இல் கட்டப்பட்டது. கத்தோலிக்க வழிபாட்டில் அப்பம் கோதுமையால்தான் ஆகவேண்டும் என்பது விதி. ஆகவே அவர்கள் கோயில் எழுப்பிய இடத்துக்கெல்லாம் கோதுமையும் போயாக வேண்டியிருந்தது. வழிபாட்டு அப்பத்துக்குப் புளிப்பு தேவையில்லை. ஆனால் அதே கைகள் வீட்டு மேசைக்குச் செய்த ரொட்டிக்குப் புளிப்பு வேண்டும். ஐரோப்பாவில் அதைச் சாராய வடிப்பவர்களிடமிருந்தும் பழைய மாவிலிருந்தும் எடுத்தார்கள். இந்தியக் கடற்கரையில் அதற்கு விடை மரத்தின் மேல் பானையில் தொங்கிக்கொண்டிருந்தது: கள்.

கோவாவில் கள்ளால் புளிக்கவைத்த ரொட்டியின் மரபு புகழ்பெற்றது. போர்த்துக்கீசியருக்குப் பின் வந்த ஆங்கிலேயரும் அதையே பின்பற்றினார்கள். தென்னையோ பனையோ இருந்த குடியேற்றங்களில் எல்லாம் கள்ளே அவர்களுடைய ஈஸ்ட்.

இதில் உள்ள அறிவியல் எளியது, ஆனால் வியப்பானது. பாளையைச் சீவியதும் சொட்டும் சாறு வெறும் சர்க்கரைத் தண்ணீர்தான். காற்றிலும் பானையின் சுவரிலும் இருக்கும் ஈஸ்ட் நுண்ணுயிர்கள் உடனே அதில் குடியேறி, சர்க்கரையைச் சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றத் தொடங்குகின்றன. கூடவே புளிப்பைத் தரும் பாக்டீரியாக்களும் வந்து சேரும். பானையின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் இந்தக் குடியேற்றம் தடைப்படும்; இறங்குவது பதநீர். தடவாவிட்டால் கள். ஒரே மரம், ஒரே சாறு, ஒரு விரல் சுண்ணாம்பு மட்டுமே வேறுபாடு. அந்தக் கள்ளைக் கோதுமை மாவில் ஊற்றிப் பிசைந்தால், பானையில் நுரைத்த அதே வாயு மாவுக்குள் நுரைக்கிறது. கோதுமையில் உள்ள இரு புரதங்கள் தண்ணீர் பட்டுப் பிசையும்போது ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு குளூட்டன் என்ற மீள்தன்மை கொண்ட வலையாகின்றன. வாயு அந்த வலைக்குள் சிக்குகிறது, மாவு உப்புகிறது.

அரிசிக்கு இந்த வலை இல்லை. அதனால்தான் நாம் உளுந்தை நாடினோம். உளுந்தின் வழவழப்பு வாயுவைப் பிடித்துவைக்கிறது, ஆவி அதை இறுக்கி இட்லியாக்குகிறது. புளிக்கவைக்கும் கலை நமக்குப் புதியதே அல்ல என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்வோம். இன்று இரவு அரைத்து நாளைக் காலை பொங்கும் மாவைப் பற்றி நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்ததெல்லாம் ரொட்டிக்கும் பொருந்தும். இல்லாமல் இருந்தவை இரண்டுதான்: வலை பின்னும் தானியம் ஒன்று, சுற்றிலும் சூடு தரும் அடுப்பு மற்றொன்று. தமிழகத்தில் விளைந்த சம்பா கோதுமை உப்புமாவுக்கும் பாயசத்துக்கும் ஏற்றது. அதன் குளூட்டன் வலுவற்றது, உயர்ந்து எழும் ரொட்டிக்கு உதவாது. நம் அடுப்போ கீழிருந்து மட்டும் சூடு தருவது. இட்லிக்கு நூறு பாகை ஆவி போதும். ரொட்டிக்கு எல்லாப் பக்கமும் இருநூறு பாகைக்குக் குறையாத உலர்ந்த வெப்பம் வேண்டும். விறகைச் சிக்கனமாகச் செலவிட்ட ஒரு சமையல் மரபில் அப்படி ஓர் அடுப்பு ஒவ்வொரு வீட்டிலும் இருப்பதற்கு நியாயமே இல்லை.

*

கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையின் பீரங்கிப் பிரிவுக்குப் பறங்கிமலை 1774இல் தலைமையிடமானது. பக்கத்தில் பல்லாவரமும் பாளையமாயிற்று. ஓய்வுபெற்ற ஐரோப்பியச் சிப்பாய்கள் அங்கே குடியமர்ந்ததை 'வெட்டரன் லைன்ஸ்' என்ற இடப்பெயர் இன்றும் சொல்கிறது. அரிசி உண்ணும் ஊரின் நடுவே ரொட்டி உண்ணும் ஒரு சிற்றூர் அப்படித்தான் உருவானது.

அவர்களுடைய சமையலறை எப்படி இருந்தது என்பதைக் காண நமக்கு ஒரு நல்ல சன்னல் இருக்கிறது. சென்னைக் குதிரைப்படை அதிகாரியான ஆர்தர் கென்னி ஹெர்பர்ட், 'வைவர்ன்' என்ற புனைபெயரில் எழுதிய 'கலினரி ஜாட்டிங்ஸ் ஃபார் மெட்ராஸ்' என்ற நூலை ஹிக்கின்பாதம்ஸ் 1878இல் வெளியிட்டது. பிரெஞ்சுச் சமையலைச் சென்னை வெயிலில் நிகழ்த்திக்காட்டிவிடுவது என்று உறுதிபூண்ட மனிதர் அவர். ஆங்கில ரொட்டியின் வரலாற்றை 1977இல் பெருநூலாக எழுதிய எலிசபெத் டேவிட், வைவர்னை மதித்துப் போற்றியவர் என்பது இந்தக் கதையின் இனிய பக்கச் செய்தி. லண்டனில் ரொட்டியைப் பற்றி எழுதியவருக்கும் சென்னையில் சமையல் எழுதியவருக்கும் இடையே நூறாண்டு இருந்தது, ஆனால் கவலை ஒன்றுதான்: கடையில் வாங்குவதைவிட நல்லதை வீட்டில் செய்ய முடியுமா என்பது.

ஆனால் துரைமார் வீட்டில் மாவு பிசைந்தவர்கள் துரைமார் அல்லர். பிசைந்தவர்கள் தமிழ்ச் சமையற்காரர்கள். அளவுகள் அவர்கள் கைகளில் இருந்தன, எந்த நூலிலும் அவர்கள் பெயர் ஏறவில்லை. கள் எத்தனை மணிக்கு இறக்கியது, எவ்வளவு நுரைத்தது, மழை நாளில் மாவு எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எழுதப்படாத அறிவு என்று நாம் அடிக்கடி சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

அந்த அறிவு துரைமாரோடு போய்விடவில்லை. அதன் அடுத்த வீடு ஆங்கிலோ இந்தியர்களுடையது. பறங்கிமலையிலும் பல்லாவரத்திலும் இருந்த அவர்களோடு ரயில்வே குடும்பங்களும் சேர்ந்தன. கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் 1931இல் ஓடத் தொடங்கியது. தாம்பரத்தில் ரயில்வே குடியிருப்பு வளர்ந்தது. பெரிய வெள்ளிக்குச் சிலுவை போட்ட பன், கிறிஸ்துமசுக்குக் கேக் என்று அவர்களுடைய ஆண்டு அடுப்பைச் சுற்றிச் சுழன்றது. அடுப்பு இல்லாத வீட்டில் கனமான தேக்சாவுக்குள் தகரத்தை வைத்து, கீழே கரி, மூடியின் மேலும் கரி என்று மேலும் கீழும் தணல் போட்டுச் சுட்டார்கள். அதுவும் போதாத அளவுக்குச் செய்யும்போது, வீட்டில் கலந்த மாவைத் தகரத்தில் ஊற்றி, அடையாளமிட்டு, பக்கத்துப் பேக்கரிக்குக் கொண்டுபோனார்கள். பேக்கரிக்காரர் தம்முடைய ரொட்டிகளை எடுத்தபின் அடுப்பில் மிஞ்சிய சூட்டில் அவை வெந்தன.

இந்த வழக்கத்தை நாம் சற்று நின்று கவனிக்க வேண்டும். இது வீட்டு ரொட்டியா, கடை ரொட்டியா? கலவை வீட்டுடையது, சூடு தெருவுடையது. ஐரோப்பாவின் பல சிற்றூர்களிலும் மொராக்கோவின் தெருக்களிலும் இதே ஏற்பாடு இருந்தது. ஊருக்கு ஒரு பொது அடுப்பு, வீட்டுக்கு ஒரு மாவு. எரிபொருள் விலையுள்ளதாக இருக்கும் சமூகம் கண்டுபிடிக்கும் இயல்பான நடுவழி அது. நம் ஊரில் மாவு மில்லுக்குக் கோதுமையைத் தூக்கிப்போய் அரைத்துவருவதும் இதே கணக்கில் சேரும்.

*

தாம்பரத்தின் மூன்று பெரிய நிறுவனங்கள் ஏறத்தாழ ஒரே பத்தாண்டில் வந்தன. மின்சார ரயில் 1931இல் வந்தது. சென்னைக் கிறித்துவக் கல்லூரி 1937இல் நகர நடுவிலிருந்து சேலையூர்க் காட்டுக்குக் குடிபெயர்ந்தது. இவற்றுக்கு முன்பே, 1928இல், மருத்துவர் சௌரி முத்து காசநோய் மருத்துவமனையை நிறுவினார். சானடோரியம் என்ற ரயில் நிலையத்தின் பெயருக்குக் காரணம் அதுவே. அதற்கு முன் இங்கிலாந்தின் மெண்டிப் மலையில் அவர் நடத்திய மருத்துவமனையில்தான் கணிதமேதை ராமானுஜன் சில காலம் சிகிச்சை பெற்றார்.

காசநோய்க்கு மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம் அது. நல்ல காற்று, ஓய்வு, சத்தான உணவு ஆகியவையே சிகிச்சை. பால், முட்டை, ரொட்டி ஆகியவை உலகெங்கும் அத்தகைய விடுதிகளின் உணவில் முக்கியமானவை. இதற்கும் அப்பால், காய்ச்சல் கண்டவருக்குப் பாலில் தோய்த்த பிரெட் கொடுக்கச் சொல்வது தமிழ்நாட்டு மருத்துவர்களின் வழக்கமாகவே ஆனது. விளைவு என்னவென்றால், நம் மொழியில் ரொட்டி நோயாளியின் உணவாக நிலைத்துவிட்டது. ஒருவர் பிரெட் வாங்கிக்கொண்டு போனால் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்கும் பழக்கம் இன்னமும் முற்றாக ஒழியவில்லை. ஒரு பண்டம் உடல்நலத்துக்கான உணவாகப் பெயர்பெற்றதாலேயே நலமாக இருப்பவர்களின் மேசையிலிருந்து விலக்கப்பட்டது என்பது ஒரு விசித்திரமான விதி.

*

கயிறு முதலில் அறுந்தது 1948இல். அந்த ஆண்டு சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. மதுவிலக்கின் நன்மை தீமைகளைப் பேசுவது இங்கே நம் வேலையல்ல. குடித்துக் கெட்ட குடும்பங்களின் கண்ணீர் உண்மையானது. ஆனால் சட்டம் கள்ளைக் குடிபொருளாக மட்டுமே கண்டது. அது ஒரு சமையற்பொருளும்கூட என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை. 1971இல் விலக்கு தளர்ந்தது, சில ஆண்டுகளில் மீண்டும் இறுகியது, 1981இல் மறுபடி தளர்ந்தது. 1987 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை தொடர்கிறது. கேரளத்தில் அப்படியில்லை. அங்கே கள்ளப்பம் இன்றும் கள்ளப்பமாகவே இருக்கிறது. நம் பக்கத்து ஆப்பம் சோடா உப்புக்கும், சர்க்கரை போட்டுப் புளிக்கவைத்த இளநீருக்கும், கடை ஈஸ்ட்டுக்கும் மாறிக்கொண்டது. தாம்பரத்தைச் சுற்றி நின்ற பனைகளும் மனைகளுக்கு வழிவிட்டுப் பெருமளவு மறைந்தன.

இரண்டாவது முறை அறுந்தது மெதுவாக. விடுதலைக்குப் பின் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் இங்கிலாந்துக்கும், பிறகு ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் புறப்பட்டன. நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் அவர்களுக்கு இருந்த நியமன இடங்கள் 2020 ஜனவரியோடு முடிவுக்கு வந்தன. எஞ்சியிருப்போர் இன்றும் பறங்கிமலையிலும் பல்லாவரத்திலும் வாழ்கிறார்கள். ஆனால் தெருவின் அடுப்புச் சூட்டில் பங்கு கேட்டுத் தகரத்தோடு போகும் வரிசை குறைந்துபோயிற்று.

மூன்றாவது, ஆலை. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் பர்மா அரிசி நின்றது. பங்கீட்டில் கோதுமை வந்தது. அரிசிக்குப் பழகிய நாக்குகள் அதை வேண்டாவிருந்தாகவே ஏற்றன. 1956இல் கையெழுத்தான ஒப்பந்தத்தின் வழியே அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக இறங்கியது. 1965இல், கொழும்புத் திட்டத்தின் கீழ் ஆஸ்திரேலிய உதவியுடன் மாடர்ன் பேக்கரீஸ் என்ற பொதுத்துறை நிறுவனத்தை மத்திய அரசு தொடங்கியது. மலிவான, சத்துச் சேர்த்த, மெழுகுத்தாள் சுற்றிய ரொட்டி நகரங்களில் எங்கும் கிடைத்தது. நடுவண் அரசு ரொட்டியை நீட்டிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான், 1967 தேர்தலில், ரூபாய்க்கு எத்தனை படி அரிசி என்ற கேள்வி தமிழகத்தின் ஆட்சியையே மாற்றியது. ரொட்டி எவ்வளவு மலிந்தாலும் தமிழனின் பசிக்கு அது விடையல்ல என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. அந்த மாடர்ன் நிறுவனமே 2000இல் இந்துஸ்தான் லீவருக்கு விற்கப்பட்டு, பொதுத்துறை விற்பனைகளின் தொடக்கமாக வரலாற்றில் பதிந்தது வேறு கதை.

ஆலை ரொட்டி வீட்டு ரொட்டியை விலையால் மட்டும் வெல்லவில்லை, நேரத்தாலும் வென்றது. 1961இல் இங்கிலாந்தின் சோர்லிவுட்டில் உருவான முறை, மணிக்கணக்கான புளிப்பை நிமிடக்கணக்கான அதிவேகப் பிசைதலாகச் சுருக்கியது. உலகின் ஆலைகள் அந்தத் திசையிலேயே நடந்தன. நேரம் செய்த வேலையை இயந்திரமும் மாவைத் திருத்தும் வேதிப்பொருள்களும் செய்தன. அவற்றுள் ஒன்றான பொட்டாசியம் புரோமேட்டின் எச்சம் ரொட்டியில் இருப்பதை 2016 மே மாதம் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் வெளியிட்ட ஆய்வு காட்டியது. தில்லியில் எடுத்த 38 மாதிரிகளில் 84 விழுக்காட்டில் புரோமேட்டோ அயோடேட்டோ இருந்தது. அடுத்த மாதமே அரசு புரோமேட்டைத் தடைசெய்தது.

*

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது, படகுகளில் வந்த உதவிப் பொட்டலங்களில் ரொட்டி முக்கியமாக இருந்தது. சமைக்க வேண்டாம், தண்ணீர் வேண்டாம், குழந்தையும் முதியவரும் உண்ணலாம். நோயாளியின் உணவு அன்று எல்லாருடைய உணவும் ஆனது. 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தபோது நிலைமை தலைகீழ். கடைகளில் ஈஸ்ட் கிடைப்பது அரிதானது. அப்போதுதான் பலரும் மாவையும் தண்ணீரையும் கலந்து வைத்து, நாலைந்து நாள் பழைய மாவைக் கொட்டிப் புதிய மாவைச் சேர்த்து, காற்றிலும் மாவிலும் உள்ள நுண்ணுயிர்களையே பழக்கிப் புளிப்பு வளர்க்கக் கற்றார்கள். கள்ளுப்பானை செய்த வேலையைக் கண்ணாடிச் சீசா செய்தது. தாம் மிகப் பழைய ஒன்றைச் செய்கிறோம் என்று அவர்களில் எத்தனை பேர் அறிந்திருப்பார்கள்?

இந்த ஊர் வெயிலில் ரொட்டி செய்வதற்கென்று சில நியாயங்கள் உண்டு. குளிர்நாட்டு நூல்கள் அரை கிலோ மாவுக்கு 5 கிராம் உலர் ஈஸ்ட், 10 கிராம் உப்பு, 325 மில்லி தண்ணீர் என்று சொல்லி, இரண்டு மணி நேரம் காத்திருக்கச் சொல்லும். அவை எண்ணுவது 24 முதல் 27 பாகை வரையிலான அறையை. சித்திரை மாதத்துத் தாம்பரம் சமையலறை 35 பாகையைத் தாண்டும். அங்கே மாவு ஒரு மணி நேரத்துக்குள் பொங்கி, சுவை சேர்வதற்குள் களைத்துவிடும். ஈஸ்ட்டைப் பாதியாக்கி, பானைத் தண்ணீரில் பிசைந்து, இரவு முழுவதும் குளிர்பெட்டியில் உறங்கவைப்பதே வழி. மில்லில் அரைத்த ஆட்டா மைதாவைவிட அதிகம் தண்ணீர் குடிக்கும், ஆனால் அவ்வளவு உயராது. சுட்ட ரொட்டியை மட்டும் குளிர்பெட்டியில் வைக்கக் கூடாது. அங்கே மாவுச்சத்து விரைவாக இறுகி ரொட்டி வறண்டுபோகும். வெளியில் வைத்தாலோ ஈரவெப்பத்தில் ஒருவகை பாக்டீரியா தலையெடுத்து, நடுப்பகுதி பிசுபிசுத்து நூல்விடும். புளிப்பு ஏறிய மாவில் அந்தப் பாக்டீரியா எளிதில் வளராது. கள்ளால் புளித்த பழைய ரொட்டிக்கு இந்த வெயிலில் அப்படி ஒரு காப்பு இயல்பாகவே இருந்திருக்கும். ஆலைகள் அதே காப்புக்காகப் பாதுகாப்புப் பொருள்களைச் சேர்க்கின்றன.

*

வீட்டு ரொட்டி மீண்டுவிட்டது என்று இதை மகிழ்ச்சியாக முடித்துவிடலாம். ஆனால் மீண்டது பாதிதான். புளிப்பு மீண்டது, பொது அடுப்பு மீளவில்லை. 2021இல் மாநகராட்சியான தாம்பரத்தில் இன்று ஓவன் வாங்க முடிந்த வீடும், வாங்க முடியாத வீடும் தனித்தனியே இருக்கின்றன. வாங்க முடிந்த வீட்டில் ஒரே ஒரு ரொட்டிக்காக ஒரு மணி நேரம் மின்சாரம் எரிகிறது. தேக்சாவின் மேல் கரி போட்ட காலத்தில், ஒருவருக்கு மிஞ்சிய சூடு இன்னொருவரின் கேக்கை வேகவைத்தது. வசதி இல்லாதவரும் மாவைக் கொண்டுபோக முடிந்தது. அதற்குப் பேக்கரிக்காரரின் முகத்தைத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ரொட்டி நம் பசிக்கு விடையல்ல என்பதை 1967லேயே சொல்லிவிட்டோம். அதை மாற்ற வேண்டிய தேவை எதுவும் இல்லை. இட்லிக்கு மாற்றாக ரொட்டியை யாரும் முன்வைக்கவுமில்லை. ஆனால் ஓர் உணவின் அறிவு எப்படிக் காணாமல் போகிறது என்பதற்கு இந்தச் சிறு நிலப்பகுதி நல்ல சாட்சி. அதை அழிக்க வேண்டும் என்று யாரும் எண்ணவில்லை. ஒரு சட்டம் வேறு எதையோ தடுக்கப் போய்ப் புளிப்பைக் கொண்டுபோனது. ஒரு சமூகம் பிழைப்புத் தேடிப் போகும்போது கைப்பழக்கத்தையும் எடுத்துப்போனது. ஓர் ஆலை மலிவைத் தந்து நேரத்தை வாங்கிக்கொண்டது. இப்போது நம் தெருக்களில் பாக்கெட்டில் விற்கும் இட்லி மாவு வீட்டுக்கு வீடு நுழைந்துகொண்டிருக்கிறது. ரொட்டிக்கு நேர்ந்ததை அறிந்தவர்கள் அந்தப் பாக்கெட்டைச் சற்று நேரம் கையில் வைத்துப் பார்ப்பார்கள் என்று நம்புகிறோம்.